ஹாரன் அடிக்காத ஊரில் அம்மாவோடு ஏழு நாள்

முதல் நாள், வியாழன்

சென்னையில் விடிகாலை ஏறி, டெல்லியில் மாறி, மத்தியானம் காத்மாண்டு. பள்ளத்தாக்குக்கு மேலே வந்து சேர்ந்த பிறகும் விமானம் இறங்கவில்லை. இங்கே ஒரே ஓடுபாதைதான். முன்னால் வந்தவை இறங்கி முடிக்கும்வரை மலைகளைச் சுற்றிக்கொண்டே இருந்தோம். ஜன்னலோரம் அம்மா. "மலைக்கு நடுவுல சட்டி வச்ச மாதிரி இருக்குடி ஊரு" என்றார். அந்தச் சட்டிக்குள் பழுப்பாக ஏதோ படிந்து கிடந்தது. மேகம் என்று நினைத்தேன். தூசி.

இறங்கியதும் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் நகர்த்தினோம். நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால் ஓடுகிறது.

அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணமே அவருக்காகத்தான். வயது 71. திருவாரூர் பக்கம். பசுபதிநாதரைப் பார்க்க வேண்டும் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முட்டி வலி உண்டு, ஆனால் நடப்பார். இரண்டு காதிலும் மெஷின். ஊரில் அவரை வீட்டுக்குள் முடக்கிப் போட்டது முட்டி இல்லை, இந்தக் காதுதான். மெஷின் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. பின்னால் ஹாரன் அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று அவருக்குப் பிடிபடாது. பஸ்ஸின் ஏர் ஹாரன் காதுக்குள்ளேயே வெடித்த மாதிரி இருக்கும் என்பார். அதனால் ரோட்டில் இறங்கும்போது மெஷினை அணைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கிட்டத்தட்ட மூடிக்கொண்டுதான் கடப்பார். தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய் நாலு வருடம் ஆகிறது.

காத்மாண்டு ரோடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டதை எல்லாம் வைத்துப் பார்த்தால் இந்த ஊருக்கு அவரை அழைத்து வந்தது சரியா என்று டெல்லி வரைக்கும் யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

விமான நிலைய வாசலில் டாக்சி. பழைய சின்ன மாருதி, வெள்ளை நிறம், கறுப்புப் பலகையில் நேபாளி எழுத்தில் நம்பர். வாடகை வண்டி என்றால் கறுப்புப் பலகை, சொந்த வண்டி என்றால் சிவப்பு. மீட்டர் ஓடவில்லை, பேசித்தான் ஏறினோம். எங்கள் விடுதி பத்தீஸ்புத்தலியில். மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. போய்ச் சேர 45 நிமிடம். பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் எதிரெதிராகப் பஸ், மைக்ரோ வேன், தண்ணீர் லாரி, எண்ண முடியாத பைக்குகள். ஒரு இடத்தில் பைக்குகள் நடைபாதை மேல் ஏறி வந்தன. நடந்து வந்தவர்கள் ரோட்டில் இறங்கிக்கொண்டார்கள். ஒருவரும் ஒருவரையும் திட்டவில்லை.

பாதி வழியில் அம்மா இடது காதைத் தொட்டுப் பார்த்தார். "பேட்டரி தீந்துபோச்சா பாரு. சத்தமே வரலை." கழற்றி உள்ளங்கையில் வைத்து மூடினேன், கீ என்று கூவியது. வேலை செய்கிறது. திரும்ப மாட்டிவிட்டு அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பினார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. சுற்றிலும் நூறு வண்டி நிற்கிறது. ஒன்றுகூட ஹாரன் அடிக்கவில்லை.

ராத்திரி விடுதிக்காரரிடம் கேட்டேன். 2017 ஏப்ரல் 14-ஆம் தேதி, நேபாள வருடப் பிறப்பு அன்றிலிருந்து காத்மாண்டு பள்ளத்தாக்கில் காரணமில்லாமல் ஹாரன் அடிக்கத் தடையாம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்ற அவசர வண்டிகளுக்குத்தான் விலக்கு. அவர்களுக்கு வைசாகம் ஒன்று. நமக்கும் அன்றைக்குத்தான் சித்திரை ஒன்று.

"யாரும் அடிக்கவே மாட்டாங்களாமா?" என்று அம்மா மூன்று தடவை கேட்டார். மெஷினைக் கழற்றாமல் ரொம்ப நேரம் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாள், வெள்ளி

பசுபதிநாதர் கோயில் விடுதியிலிருந்து நடக்கிற தூரம். ஆனால் நடுவில் கௌஷாலா சௌக் என்கிற நாற்சந்தி இருக்கிறது. ரிங் ரோடு இந்த இடத்தில் குறுக்கே போகிறது. மொத்தம் 27 கிலோமீட்டர், 1970-களில் சீன உதவியோடு போட்ட சாலை. ஊரைச் சுற்றிப் போட்டார்கள். அப்புறம் ஊர் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது. இப்போது ரிங் ரோடு ஊருக்கு நடுவில் ஓடுகிறது.

சிக்னல் விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன, எரியவில்லை. எல்லாம் டிராபிக் போலீசின் கையில்தான். கௌஷாலாவில் நின்றவர் ஒரு பெண். வானநீலச் சட்டை, முகத்தில் மாஸ்க். கையைத் தூக்கி ஒரு பக்கம் நிறுத்துவதற்குள் மறுபக்கத்தில் பைக்குகள் அரை அடி அரை அடியாக முன்னால் வந்துவிடும். அவர் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டே நடந்து போய் அந்தப் பைக்குகளைப் பின்னால் தள்ளிவிட்டுத் திரும்ப வருவார். தூசியில், வெயிலில், நாள் முழுக்க இது. அவர் முன்னால் நின்று கும்பிட வேண்டும் போலிருந்தது.

நாங்கள் ஓரத்தில் பத்து நிமிடம் நின்றோம். எனக்கு இறங்கத் தைரியம் வரவில்லை. அப்போதுதான் பார்த்தேன், ஊர்க்காரர்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்று. இடைவெளி வரட்டும் என்று அவர்கள் காத்திருப்பதில்லை. கையை இடுப்புக்குக் கீழே நீட்டி, உள்ளங்கையை வண்டிப் பக்கம் காட்டி, ஒரே சீரான நடையில் இறங்கிவிடுகிறார்கள். ஓடுவதில்லை. முக்கியமாக, எடுத்து வைத்த காலைப் பின்னால் வைப்பதில்லை. பைக்காரர் உங்களுடைய அடுத்த அடி எங்கே விழும் என்று கணக்குப் போட்டுத்தான் வளைகிறார். நின்றாலோ பின்வாங்கினாலோ அவர் கணக்கு தப்பிப் போகும்.

இன்னொன்று. ஓட்டுகிறவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் நாம் பாதி ரோட்டைக் காதால்தான் கடக்கிறோம். சத்தம் வருகிறதா, எவ்வளவு கிட்டே என்று காது சொல்லிவிடும், தலையைத் திருப்பாமலே போய்விடுவோம். இங்கே அது செல்லாது. வண்டி சொல்லாமல் வரும். பார்த்தால்தான் உண்டு. நான் இதைப் புரிந்துகொண்டு மனதில் தயார் செய்துகொள்வதற்குள் அம்மா இறங்கிவிட்டார்!

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் என்னை இழுத்துக்கொண்டு போகிறார். வலது பக்கம் ஒரு பார்வை. ஒரு பைக்காரப் பையனின் முகத்தை நேராகப் பார்த்தார். அவன் தலையசைத்தான். நடந்தார். நடுவில் நின்று இடது பக்கம் பார்வை. ஒரு மைக்ரோவின் டிரைவர் வேகத்தைக் குறைத்து, "பிஸ்தாரை, ஆமா, பிஸ்தாரை" என்றார். மெதுவாக, அம்மா, மெதுவாக. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து நான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன், அவர் மூச்சுகூட வாங்கவில்லை.

"எதுக்குடி அவன் ஆமா ஆமாங்கறான்? நான் ஒண்ணும் கேக்கலையே?"

நேபாளியில் ஆமா என்றால் அம்மா. அண்ணனுக்கு அவர்கள் சொல் 'தாஇ', நம் காதுக்குத் தாய் என்பது போலவே கேட்கும். இதைச் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கு முழுக்கப் பூக்காரர், செருப்பு வைக்கிறவர் எல்லாரையும் "தாய்" என்று கூப்பிட்டார். அவர்களும் "ஆமா" என்றார்கள்.

தரிசனம் நன்றாக ஆயிற்று. சன்னதியில் பூஜை செய்கிற பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து வருகிற மரபு என்று சொல்லியிருந்தேன். லிங்கத்தின் நான்கு முகத்தையும் நான்கு வாசலில் சுற்றிப் பார்த்தோம். வெளியே பாக்மதி ஆற்றங்கரையில் சிதை எரிந்துகொண்டிருந்தது. அம்மா ரொம்ப நேரம் படியில் உட்கார்ந்திருந்தார். அதைப் பற்றி இங்கே எழுதத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள், சனி

இங்கே வார விடுமுறை சனிக்கிழமை. ரோடு கொஞ்சம் காலியாக இருக்கும் என்றார்கள், இருந்தது. ரத்ன பார்க் போய் அங்கிருந்து அசன் கடைவீதி, பசந்தபூர் அரண்மனைச் சதுக்கம்.

ரத்ன பார்க் பக்கத்தில் ரோட்டைக் கடக்க இரும்பு நடைமேம்பாலம். அதை இங்கே "ஆகாசே புல்" என்கிறார்கள். ஆகாசப் பாலம். அம்மாவின் முட்டிக்கு அந்தப் படிகள் ஆகாது. கீழே கடப்போம் என்றார். கீழே கம்பி வேலி. கடைசியில் பாலத்திலேயே ஏறினோம், நாலு படிக்கு ஒரு தடவை நின்று நின்று. வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேறு வழி இல்லாமல் வேலி போட்டுவிட்டு மேலே ஏறச் சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. சென்னையிலும் இதே கதைதான். வண்டி சமதளத்தில் போகிறது, நடக்கிறவர் மாடி ஏற வேண்டியிருக்கிறது.

அசன் சந்தில் மஞ்சள், மிளகாய், பித்தளைப் பாத்திரம், அதற்கு நடுவில் பைக். கைக்குழந்தையோடு ஒரு பெண், முதுகில் நெற்றிப்பட்டை கட்டி ஃபிரிஜ் சுமந்து வருகிற ஒருவர். அவருக்கு மட்டும் எல்லாரும், பைக்குகள்கூட, ஒதுங்கி வழி விட்டார்கள்.

திரும்பும்போது என் கால் ஒரு குழியில் இறங்கிவிட்டது. நடைபாதையில் வடிகால் மேல் மூடியிருந்த கல் ஒன்று இல்லை. முழங்கால் வரை உள்ளே. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை; கணுக்கால் வீங்கிவிட்டது. பக்கத்துக் கடைக்காரப் பெண் ஓடி வந்து என்னை உட்கார வைத்து, குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை வீக்கத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்புறம் கடையிலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டியையும் மரக்கிளை ஒன்றையும் கொண்டு வந்து அந்தக் குழியில் நட்டு வைத்தார், அடுத்தவர் விழாமல் இருக்க. இதுமாதிரி நட்ட கிளைகள் ஊர் முழுக்க இருக்கின்றன. ரோட்டு நடுவில் ஒரு கிளை நின்றால் அங்கே பள்ளம் என்று அர்த்தம். ராத்திரியில் தெருவிளக்கு இல்லாத இடத்தில் அந்தக் கிளையும் தெரியாது. டார்ச் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

விடுதிக்காரர் ராத்திரி என் காலைப் பார்த்துவிட்டு ரோடு புராணத்தை ஆரம்பித்தார். ஏன் இப்படித் தோண்டித் தோண்டிக் கிடக்கிறது? 2011 கடைசியில் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வீடுகளின் முன்பக்கத்தை இடித்தார்களாம். பாதி வெட்டிய வீடுகளை இன்றும் பார்க்கலாம். அதற்கு அப்புறம் மேலம்சிக் குடிநீர்த் திட்டம். மலைக்கு அந்தப் பக்கத்து ஆற்றுத் தண்ணீரைச் சுமார் 26 கிலோமீட்டர் சுரங்கத்தில் கொண்டு வர வேண்டும். அதற்குக் குழாய் பதிக்க ஊர் முழுக்கத் தோண்டினார்கள். தண்ணீர் ஊருக்கு வந்து சேர்ந்தது 2021 மார்ச்சில். அதே வருடம் ஜூனில் வெள்ளம் வந்து தலைப்பு அணைக்கட்டை மூடிவிட்டது. குழாய்க்காரர் மூடிவிட்டுப் போனால் சாக்கடைக்காரர் வருவார், அவர் போனால் கேபிள்காரர். ஒருவர் தோண்டுவது இன்னொருவருக்குத் தெரியாது.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார், அது மனதில் நிற்கிறது. 1956-இல் திரிபுவன் ராஜபாதையை இந்திய ராணுவப் பொறியாளர்கள் போட்டு முடிக்கும்வரை, வெளியிலிருந்து இந்தப் பள்ளத்தாக்குக்கு வண்டி வரும் சாலையே கிடையாது. ஆனால் அதற்கு முன்பே ஊருக்குள் கார்கள் ஓடின. எப்படி? தெற்கே மலையடிவாரத்தில் இருக்கிற பீம்பேதி வரை கொண்டு வந்து, மூங்கில் கட்டி, ஆட்கள் கூட்டமாகத் தோளில் தூக்கி மலையேற்றி இறக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நாட்டை ஆண்ட ராணாக்களின் கார் அத்தனையும் அப்படி வந்ததுதான்.

அசன் சந்தில் ஃபிரிஜ் தூக்கி வந்தவருக்கு எல்லாரும் வழி விட்டது நினைவுக்கு வந்தது.

நான்காம் நாள், ஞாயிறு

இன்றைக்குத்தான் கஷ்டமான நாள்.

பௌத்தநாத் ஸ்தூபிக்கு மைக்ரோவில் போனோம். மைக்ரோ என்பது நம்ம ஊர் வேன் மாதிரி. எத்தனை சீட் இருக்கிறது என்பதற்கும் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதற்கும் சம்பந்தம் இல்லை. கதவில் தொங்குகிற பையனுக்குக் கலாசி என்று பெயர். ஹாரன் இல்லாத ஊரில் அவன் கைதான் ஹாரன். வண்டித் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் போகலாம், ஒரு தட்டு என்றால் நிறுத்து. ஓரத்தில் உரசுகிற மாதிரி வந்தால் படபடவென்று தட்டி டிரைவருக்குச் சொல்கிறான். அம்மாவுக்கு அந்தத் தட்டு நன்றாகக் கேட்டது. "தவுல் மாதிரி இருக்கு" என்றார்.

சாபஹிலிலிருந்து ஜோர்பாட்டி போகிற ரோட்டில்தான் பௌத்தநாத். இந்த ரோட்டுக்கு ஊருக்குள் பல வருடக் கெட்ட பேர். தார் இருக்கிற இடம் தீவு தீவாக இருக்கிறது. மழைக்காலத்தில் பள்ளங்களில் தண்ணீர் நின்று, ஜனங்கள் நாற்று நட்டுப் போராட்டம் செய்வார்களாம். பக்கத்து சீட்டுப் பெரியவர் ஹிந்தியில் சொன்னதை நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா வயலில் நடவு பார்த்து வளர்ந்தவர். "ரோட்டுல நட்டா பயிரு பிடிக்குமா?" என்று கவலையாகக் கேட்டார். பிடிக்க வேண்டாம் அம்மா, அரசாங்கம் பார்த்தால் போதும் என்றேன். "நாத்து வீணாப் போவுதே" என்றார். வெகுநேரம் அவருக்கு அந்த நாற்று மனதில் உறுத்தியது.

மழை வராத இந்த மே மாதத்தில் பள்ளமெல்லாம் தூசி. ஒரு லாரி முன்னால் போனால் பத்து நொடிக்கு ஒன்றும் தெரியாது. எல்லாரும் மாஸ்க். துணி மாஸ்க் வேலைக்கு ஆகாது, இரண்டே மணி நேரத்தில் மூக்குக்கு நேராக இரண்டு பழுப்பு வட்டம் விழுந்துவிட்டது. என்-95 மாஸ்க் வாங்கிக்கொண்டு வாருங்கள், கூடவே சாதாரணக் கண்ணாடி ஒன்று. தூசியை இங்கே "தூலோ" என்கிறார்கள். "தூளுன்னுதானே சொல்றாங்க? நம்ம வார்த்தைதான்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இறங்கும்போது நான் கூப்பிட்டேன், அம்மா திரும்பவில்லை. தோளைத் தொட்டதும்தான் பார்த்தார். முகம் மாறியிருந்தது. "கேக்கலைடி. இந்தத் தடவை நிஜமாவே கேக்கலை."

ஓரமாக ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். மெஷினைக் கழற்றினேன். காதுக்குள் போகிற குமிழ் முனையில் மெழுகோடு தூசி சேர்ந்து, சிமென்ட் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. சின்ன பிரஷ் எப்போதும் அம்மாவின் சுருக்குப் பையில் இருக்கும். மைக் துளை இரண்டையும் கீழ்ப்பக்கம் பார்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். மேல்பக்கம் பிடித்தால் தூசி உள்ளேயே போய்விடும். குமிழைக் கழற்றி, குழாய்க்குள் நைலான் கம்பியை விட்டு இழுத்தேன். பழுப்பாக ஒரு துணுக்கு வந்தது, கடுகில் பாதிகூட இருக்காது. அந்த நேரம் முழுக்க அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதாவது சொல்கிறேனோ என்று. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு நின்று பார்த்தார். மாட்டியதும் அவர்தான் முதலில் "ஆமா?" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அம்மா "தாய்!" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு.

ஒரு ரோட்டின் தூசி ஒரு மனுஷியை எவ்வளவு சீக்கிரத்தில் உலகத்திலிருந்து பிரித்துவிடுகிறது என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. எல்லாருடைய நுரையீரலிலும் இதே தூள்தானே போய்ச் சேர்கிறது? டிராபிக் போலீஸ், கலாசிப் பையன், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்.

ஸ்தூபியின் வாசலுக்குள் நுழைந்ததும் வண்டி இல்லை. நூற்றுக்கணக்கான பேர் ஒரே திசையில், வலமாக, சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். பிரார்த்தனை உருளைகளைத் தள்ளிவிட்டுக்கொண்டே, மந்திரம் சொல்லிக்கொண்டே. நாங்களும் கலந்துகொண்டோம். முட்டி வலியோடு மூன்று சுற்று வந்தார் அம்மா.

ஐந்தாம் நாள், திங்கள்

பக்தபூர். காத்மாண்டிலிருந்து 13 கிலோமீட்டர். சுருக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பழைய ஊருக்குள் பெரும்பாலும் வண்டி விடுவதில்லை, செங்கல் பாவிய தெருவில் நாள் முழுக்க நிம்மதியாக நடந்தோம், மண்சட்டியில் ஜுஜு தௌ என்கிற தயிர் சாப்பிட்டோம். அம்மா இரண்டு சட்டி.

போகிற வழி ஜப்பான் உதவியோடு அகலப்படுத்திய நல்ல ரோடு. திரும்பும்போது அதைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கேதான் அம்மா முதல் தடவையாகப் பயந்தார். குழியும் மேடுமான கௌஷாலாவில் வண்டி நடக்கிற வேகத்தில் வருகிறது, ஓட்டுகிறவர் முகம் தெரிகிறது. இங்கே வழுவழுவென்ற தார், பறந்து வருகிறார்கள், முகம் தெரிவதற்குள் வந்துவிடுகிறார்கள். தலையசைக்க நேரம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேரும்வரை காத்திருந்து அவர்களோடு சேர்ந்து கடந்தோம். ரிங் ரோட்டின் தெற்குப் பகுதியைச் சீன உதவியோடு எட்டு வழியாக்கினார்களே, அங்கேயும் நடக்கிறவர்கள் பாடு இதுதான் என்று விடுதிக்காரர் சொன்னார். ரோடு நன்றாக ஆக வேண்டும் என்று நாலு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நடக்கிறவர் கடக்க இடம் விட்டு நன்றாக ஆக வேண்டும் என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள், செவ்வாய்

பக்கத்து ஊரான பாடனுக்கு சஃபா டெம்போவில் போனோம். ஆறு நாளில் எனக்கு மிகவும் பிடித்த வண்டி இதுதான். மூன்று சக்கரம், பேட்டரியில் ஓடுவது. 1990-களிலிருந்து ஓடுகிறது. அதற்கு முன் இருந்த டீசல் டெம்போக்களின் புகை தாங்காமல் 1999-இல் அவற்றைப் பள்ளத்தாக்கை விட்டே வெளியேற்றினார்கள். பின்பக்கம் ஏறி, எதிரெதிர் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். இறங்க வேண்டிய இடம் வந்தால் கூரையில் காசால் தட்ட வேண்டும். இறங்கிப் போய் டிரைவர் ஜன்னலில் காசு கொடுக்க வேண்டும்.

எங்கள் டிரைவர் நாற்பது வயதுப் பெண். சஃபா டெம்போவில் பெண் டிரைவர்கள் நிறைய. தாபாதலிப் பக்கம் நெரிசலில் வண்டி நின்றபோது, பின்கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். ஒரு பஸ் மேலே ஏறிவிடும் போல நெருங்கியது. அவர் கையை மட்டும் வெளியே நீட்டி விரித்துக் காட்டினார். பஸ் நின்றது. காசு கொடுக்கும்போது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தைரியசாலிம்மா நீ" என்று தமிழிலேயே சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் புரியாமல் போயிருக்காது.

பாடனில் எதிர்பாராத காட்சி. நடு ரோட்டில் தேர்! ரத்தோ மச்சிந்திரநாத் திருவிழாக் காலம் இது. மழை தருகிற சாமி. பிரம்பும் பச்சைக் கிளைகளும் சுற்றிய கோபுரம் சுமார் 60 அடி, கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. மரச் சக்கரம் ஒவ்வொன்றிலும் கண் வரைந்திருக்கிறார்கள். மின் கம்பிகளை அவிழ்த்து ஓரமாகக் கட்டியிருந்தார்கள். மொத்தப் போக்குவரத்தும் தேருக்காக வேறு தெருவுக்குத் திரும்பியிருந்தது. பஸ் இல்லை, பைக் இல்லை, வடம் மட்டும் ரோட்டில் நீளமாகக் கிடந்தது.

திருவாரூர்க்காரியை இதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? அம்மா சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்துவிட்டார். "முட்டுக்கட்டை எங்கடி?" இருந்தது. கைப்பிடி வைத்த மரக்கட்டை, சக்கரத்துக்கு அடியில் செருகியிருந்தது. எங்கள் திருவாரூர் ஆழித்தேர் 96 அடி. அதற்கு இப்போது இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தவை. ஆனாலும் வீதி முனையில் முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லாமல் தேர் திரும்பாது. அம்மாவின் அப்பாவோடு கூடப் பிறந்தவர் அந்த வேலை செய்தவர். அந்தக் கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காவலுக்கு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

சாயங்காலம் நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. ஆறு நாள் தூசி ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. தூரத்து மலை முதல் தடவையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அம்மா மெஷின் இரண்டையும் கழற்றி, சிலிக்கா போட்ட டப்பாவில் வைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். ஈரம் பட்டால் போச்சு. ஒரு கடைத் திண்ணையில் ஒதுங்கி நின்றோம்.

மழை விட்டதும் ரோடு ஆறு. எது ரோடு எது பள்ளம் என்று தெரியவில்லை. தண்ணீருக்கு அடியில் மூடாத வடிகால் இருக்கலாம். என் கணுக்கால் இன்னும் வலிக்கிறது. அம்மாவுக்கு இப்போது காது இல்லை. நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அம்மா ஒரு ஓரமாகக் கை காட்டினார். ஒரு கட்டடத் தொழிலாளி மண்வெட்டிக் காம்பால் தொட்டுத் தொட்டுப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்து இன்னும் நாலு பேர். நாங்கள் ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் சேர்ந்துகொண்டோம். அம்மா முன்னால், நான் பின்னால்.

ஏழாம் நாள், புதன்

விமானம் மத்தியானம். காலையில் எழுந்தபோது அம்மா கட்டிலில் இல்லை. பதறிப்போய்க் கீழே ஓடினேன். எதிர்ச்சாரியில், ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடையில், செல் ரொட்டி வாங்கிக்கொண்டு நின்றார். வட்டமாக, அரிசி மாவில் பொரித்தது. கை முழுக்கக் காகிதப் பொட்டலம். காதில் மெஷின். ரோடு முழுக்கச் சேறு, பைக்குகள் சரசரவென்று போய்க்கொண்டிருந்தன.

நான் அந்தப் பக்கம் போகக் கிளம்பினேன். அம்மா அங்கேயே இரு என்று கை காட்டினார். வலது பக்கம் பார்த்தார். ஒரு ஸ்கூட்டர்காரர் தலையசைத்தார். பொட்டலத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை இடுப்புக்குக் கீழே நீட்டி, சேற்றில் இரண்டு கல் பார்த்துக் கால் வைத்து வந்து சேர்ந்தார். "சூடா இருக்கு, சாப்பிடு" என்றார்.

இதைச் சென்னையில் வீட்டுக்கு வந்து ராத்திரி எழுதுகிறேன். விமான நிலையத்திலிருந்து வெளியே வந்து டாக்சி ஏறினோம். ஜிஎஸ்டி ரோட்டில் திரும்பியதும் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அம்மாவின் இரண்டு கையும் காதுக்குப் போயின. மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடினார். அப்புறம் வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.